கால் எட்ட வேண்டும்: மார்ச் மாத நாட்குறிப்பு

மார்ச் 2, ஞாயிறு

880. இரவெல்லாம் இந்த எண்தான் மண்டைக்குள். மண்பாதையில் ஓட்ட ஒரு பைக் தேடுகிறேன். யமாஹா டபிள்யூஆர்155ஆர், இருக்கை உயரம் 880 மில்லிமீட்டர். கவாசாக்கி கேஎல்எக்ஸ்150பிஎஃப் 870. ஹோண்டா சிஆர்எஃப்300எல் மறுபடியும் 880. சுவரில் முதுகை ஒட்டி நின்று, கெட்டி அட்டைப் புத்தகத்தைத் தொடைக்கு நடுவில் மேலே ஏற்றி வைத்து அளந்தேன். உள்கால் 71 சென்டிமீட்டர். கனமான பூட்ஸ் போட்டால் மூன்று கூடும். மீதிக்கு எங்கே போவது?

"யாருக்கு அளவு எடுக்கிறே?" என்று அம்மா கூடத்திலிருந்து கேட்டார். காலை மோடாவில் நீட்டி வைத்திருந்தார். வீக்கம் இன்றைக்குக் கொஞ்சம் குறைவு.

மார்ச் 3, திங்கள்

சிங்கப்பூரில் வண்டி வைத்திருக்கப் பத்து வருட உரிமைச் சான்றிதழ் வேண்டும், அதற்கான ஏலம் திறந்துவிட்டது. புதன் மாலை 4 மணி வரை இனி எதிலும் மனம் ஓடாது.

மார்ச் 5, புதன்

சான்றிதழ் விலை மறுபடியும் பைக்கின் விலையை மிஞ்சிவிட்டது. 2022 நவம்பரில் 13,000 வெள்ளியைத் தாண்டிய உயரம் இப்போது இல்லைதான். ஆனால் மோட்டார் சைக்கிள்களுக்கான டி பிரிவில் 150 சிசிக்கும் 1,200 சிசிக்கும் ஒரே விலை. எடை குறைந்த, எளிய வண்டி வேண்டும் என்பவர்தான் விகிதப்படி அதிகம் கட்டுகிறார். இது எனக்கு ஆறவே இல்லை.

இதையே வைத்துத்தான் எல்லோரும் என்னை மடக்குகிறார்கள். "எப்படியும் அதே காசுதானே, டூபியோட ஏன் நிக்கிறே? டூஏ எடுத்துட்டு 300ஐ வாங்கு." 200 சிசி வரை ஓட்டும் டூபி உரிமம் எடுத்து ஒரு வருடம் தாண்டிவிட்டது, 400 சிசி வரைக்கான டூஏ வகுப்பில் நாளைக்கே சேரலாம். கணக்கு சரியான கணக்கு. ஆனால் சிஆர்எஃப்300எல் 142 கிலோ. அந்த 142 கிலோவை எல்லைக்கு அப்பால் மலேசியாவின் ஜோகூர்ச் செம்மண்ணிலிருந்து தூக்கப்போவது அவர்கள் அல்ல.

இப்போது ஓட்டும் ஸ்கூட்டரின் சான்றிதழுக்கு மே மாதத்தோடு பத்து வருடம் முடிகிறது. மூன்று மாதச் சராசரி விலையில் பாதியைக் கட்டி ஐந்து வருடம் நீட்டிக்கலாம். நீட்டித்தால் மண்பாதை வண்டிக்குக் கையில் ஒன்றும் மிஞ்சாது. ஆக, வாங்கும் வண்டியிலேயே வேலைக்கும் போக வேண்டும். முள்டயரோடு மழையில் சாலையின் வெள்ளைக் கோட்டில் பிரேக் போட வேண்டும். இதையும் யோசிக்கணும்.

மார்ச் 6, வியாழன்

பல் வலி. எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 8, சனி

சிங்கப்பூரின் உபி வட்டாரத்தில் ஒரு பைக் கடை. முதல்முறையாக டபிள்யூஆர்155ஆர் மேல் ஏறி உட்கார்ந்தேன். ஏறினேன் என்பதைவிட, பக்கவாட்டு ஸ்டாண்டில் சாய்ந்து நின்ற வண்டியின் கால்மிதியில் நின்று காலைச் சுழற்றிப் போட்டேன் என்பதே சரி. நிமிர்த்தியதும் இடது காலின் கட்டைவிரல் மட்டும் தரையில். வலது கால் காற்றில்.

ஆனால் உட்கார்ந்ததும் வண்டி இறங்கியது! இதை எந்த விவர அட்டையும் சொல்வதில்லை. அச்சிட்ட 880 ஆள் இல்லாத வண்டியின் உயரம். ஆள் உட்கார்ந்தால் ஸ்பிரிங் அமுங்கி நாலைந்து சென்டிமீட்டர் போய்விடும். நான் 49 கிலோ, எனக்கு அவ்வளவு இறங்காது. பின் ஸ்பிரிங்கின் இறுக்கத்தைத் தளர்த்தினால் இன்னும் கொஞ்சம் இறங்கும், ஆனால் மேட்டில் அடி தட்டும்.

கடைக்காரர் நல்லவர், பொறுமையாகப் பேசினார். பின்பக்க இணைப்புத் தகட்டை மாற்றி வண்டியையே தாழ்த்திவிடலாம் என்றார். வேண்டாம். இருக்கையோடு சேர்ந்து வண்டியின் வயிறும் இறங்கிவிடும். கல்லும் மரவேரும் தட்டாமல் போகத்தானே இவ்வளவு உயரமாகச் செய்திருக்கிறார்கள்? இருக்கையின் பஞ்சை இரண்டு சென்டிமீட்டர் செதுக்கினால் வேறு எதுவும் கெடாது. மண்பாதையில் பாதி நேரம் கால்மிதியில் நின்றுதான் ஓட்டப்போகிறேன்.

எஞ்சின் எனக்குப் பிடித்திருக்கிறது. நீர்க் குளிர்ச்சி, ஆறு கியர், 8.1 லிட்டர் டாங்கி. எடை 134 கிலோ.

134.

மார்ச் 9, ஞாயிறு

இரவு 10 மணி. கை நடுங்குகிறது, எழுத்து கோணுகிறது, ஆனால் இன்றைக்கே எழுதியாக வேண்டும்.

விடிவதற்கு முன்பே உட்லண்ட்ஸ் எல்லைச் சோதனைச்சாவடியைத் தாண்டி ஜோகூருக்குள் போய்விட்டேன். கோத்தா திங்கி வழியில் பெட்ரோல் நிலையத்தில் வழக்கம்போல 97 ரகப் பெட்ரோல்தான். மஞ்சள் குழாயில் வரும் மானிய விலை 95 சிங்கப்பூர் வண்டிகளுக்குக் கிடையாது. வாடகைக்கு வண்டி விட்டு வழியும் காட்டும் அண்ணன் செம்பனைத் தோட்டத்து முனையில் காத்திருந்தார். எனக்குக் கொடுத்தது பழைய கேஎல்எக்ஸ்150. காற்றுக் குளிர்ச்சி, கார்புரேட்டர், ஐந்து கியர். 118 கிலோ.

முதல் அரை மணி நேரம் லாரி போகிற தோட்டச் சாலை, காய்ந்த செம்மண். அங்கே எந்த வண்டியும் ஓடும். பிறகு பள்ளத்தில் இறங்கினோம். முந்தின இரவு மழை பெய்திருந்தது. ஈரச் செம்மண் இட்லி மாவு மாதிரி டயரில் அப்பி, முள் இருப்பதே தெரியாமல் வழவழவென்று ஆகிவிட்டது. முன்சக்கரம் வாரியது. விழுந்தேன். எழுந்து ஓட்டினேன். மறுபடி விழுந்தேன். வலி பெரிதாக இல்லை, இந்த வேகத்தில் விழுந்தால் மண் தாங்கிக்கொள்கிறது.

அண்ணன் உதவிக்கு வரவில்லை. தள்ளி நின்று சொல்லிக்கொண்டே இருந்தார். "மொதல்ல எஞ்சினை அணை. பெட்ரோல் குழாயைத் திருகி மூடு, கார்புரேட்டர்ல இருந்து ஒழுகும். இப்ப பாரு, சக்கரம் மேட்டுப் பக்கம் இருக்கு. அப்படியே தூக்கினா ஒன் மேலதான் வரும். மொதல்ல வண்டியை இழுத்துத் திருப்பு, சக்கரம் பள்ளத்துப் பக்கம் வரட்டும். அப்புறம் தூக்கு. முதுகால இல்ல, காலால." ஹேண்டில்பார் முனையில் ஒரு கை, பின்சட்டத்தில் ஒரு கை. முட்டியை மடக்கி, மூச்சை வெளியே விட்டு எழும்பினேன். வண்டி வந்துவிட்டது. நான் தூக்கினேன். நான்!

மதியம் அவருடைய சிஆர்எஃப்250எல்லைச் சமதரையில் சாய்த்துவிட்டுத் தூக்கச் சொன்னார். ஒருமுறை முடிந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் களைத்த கையோடு மறுபடி முயன்றேன். பாதியில் நின்றுவிட்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை.

கால் எட்டவில்லையே என்று அவரிடம் புலம்பினேன். "ரெண்டு காலும் எதுக்கு தங்கச்சி? ஒரு கால் போதும். எந்தப் பக்கம் நிலம் உயரமா இருக்குதோ அந்தப் பக்கம் நிறுத்து. இடுப்பை ஒரு பக்கம் நழுவ விடு."

மார்ச் 10, திங்கள்

உடம்பு முழுக்க வலி. ஆனால் யோசனை நிற்கவில்லை.

ஒரு கால் போதும் என்பது சரி. இன்று உட்லண்ட்ஸ் அவென்யூ சிக்னலில் ஸ்கூட்டரிலேயே இடது காலை மட்டும் ஊன்றிப் பார்த்தேன். சுலபம். சாலை சமமாக இருக்கும்வரை சுலபம். வலது பக்கம் சரிவாக இருந்து, இடது பக்கம் புதராக இருந்தால்? நின்றுபோன வண்டி மெல்ல வலது பக்கம் சாயும்போது ஊன்றக் கால் இல்லையென்றால் விழத்தான் வேண்டும். விழலாம். விழுவதைத் தவிர்க்கவே முடியாத விளையாட்டு இது, எல்லோரும் சொல்கிறார்கள், நேற்று நானும் பார்த்தேன். அப்படியானால் நான் இத்தனை நாளும் பார்க்க வேண்டிய எண் உயரம் அல்ல, எடை. உயரம் நான் எத்தனை முறை விழுவேன் என்பதைத்தான் தீர்மானிக்கும். எடை தீர்மானிப்பது எத்தனை முறை எழுந்து நிற்பேன் என்பதை. பத்தாவது முறை விழும்போது, தண்ணீர் தீர்ந்து, பகல் ஒரு மணி வெயிலில், பக்கத்தில் யாரும் இல்லாதபோது தூக்க முடிகிற வண்டிதான் என் வண்டி. டபிள்யூஆருக்கும் கேஎல்எக்ஸுக்கும் 16 கிலோ வித்தியாசம். 16 கிலோ என்பது மூன்று ஐந்து கிலோ அரிசிப் பைக்கும் மேல். தாளில் ஒன்றுமில்லை, சேற்றில் எல்லாமே அதுதான்.

இன்னொன்று: கேஎல்எக்ஸில் ரேடியேட்டர் இல்லை, விழுந்தால் நசுங்க ஒன்று குறைவு.

ஆனால் விரைவுச்சாலையில் 144 சிசி காற்றுக் குளிர்ச்சி எஞ்சின்... லாரிக்கு நடுவில்...

மார்ச் 11, செவ்வாய்

நாளைக்கு அம்மாவுக்கு முட்டியில் அறுவை சிகிச்சை. அவருடைய பையை அடுக்கினேன். பல் பிரஷ், கைலி, விபூதி டப்பா, சார்ஜர். "ராத்திரி 12 மணிக்கு மேல எதுவும் சாப்பிடக் கூடாதுன்னுட்டாங்க" என்று பத்துமுறை சொல்லிவிட்டார். பயத்தில் இருக்கிறார். நானும்.

மார்ச் 12, புதன்

முடிந்தது. நன்றாக முடிந்தது.

மார்ச் 13, வியாழன்

இன்றைக்கே அம்மாவை நிற்க வைத்துவிட்டார்கள். நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கதவு வரை நடந்தார். வழியில் ஒருமுறைகூட என் பக்கம் திரும்பவில்லை, அவ்வளவு கவனம். முட்டியை மடக்கும் கோணம் 60 பாகை. 90 வர வேண்டுமாம். அப்போதுதான் நாற்காலியிலிருந்து தானாக எழ முடியும்.

மார்ச் 15, சனி

வீட்டுக்கு வந்தாயிற்று. படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அறுவை செய்த கால் முதலில். உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்த பெண் இதைப் பாட்டு மாதிரி சொல்ல வைத்தார். அம்மா இப்போது தூக்கத்திலும் சொல்வார் போலிருக்கிறது.

கீழே வாகன நிறுத்தத்தில் என் ஸ்கூட்டரைப் பார்த்ததும் நின்றார். "அந்த மண்ணு வண்டி வாங்கப் போறியா?"

தம்பிதான் சொல்லியிருக்கிறான்.

"பாக்குறேன்மா."

"விழுந்தா யாருடி தூக்குவா?"

"நானே தூக்குவேன்."

அதற்கு மேல் பேசவில்லை. மின்தூக்கி வந்துவிட்டது.

மார்ச் 18, செவ்வாய்

அதிகாலை 3 மணி. அம்மாவின் கெண்டைக்கால் வீங்கியிருக்கிறது. நேற்று மாலை இப்படி இல்லை. தொட்டால் சூடு. ரத்தக் கட்டியாக இருக்கலாம் என்று வீட்டுக்கு அனுப்பும்போதே சொல்லியிருந்தார்கள், அறிகுறிகளைத் தாளில் எழுதியும் கொடுத்திருந்தார்கள். அந்தத் தாளை மறுபடி மறுபடி படிக்கிறேன். வீக்கம், சூடு, அழுத்தினால் வலி. மூச்சு வாங்குகிறதா? இல்லை. நெஞ்சு வலி? இல்லை. "நீ போய்ப் படு" என்கிறார். இரண்டு காலையும் துணி அளவு நாடாவால் அளந்தேன். இரண்டு சென்டிமீட்டர் வித்தியாசம். அது அதிகமா? தம்பியை எழுப்பிவிட்டேன், பொங்கோலிலிருந்து வந்துகொண்டிருக்கிறான்.

மாலை. ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி இல்லை. அறுவைக்குப் பிந்திய சாதாரண வீக்கமாம். காலை உயர்த்தி வை, ஐஸ் வை, கணுக்காலை ஆட்டிக்கொண்டே இரு. வீடு வந்து சேர்ந்ததும் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மார்ச் 19, புதன்

மழை. நாள் முழுக்க விடவில்லை. இந்த மாதத்தின் இரண்டாவது ஏலம் முடிந்துவிட்டது, உபிக் கடைக்காரர் குறுஞ்செய்தி அனுப்பியிருக்கிறார். திறந்து பார்க்க மனமில்லை.

மார்ச் 20, வியாழன்

இன்னும் மழை. ஜோகூரில் வெள்ளம். கோத்தா திங்கி அண்ணனுக்கு அழைத்தேன். வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லையாம், வண்டிகளை மேட்டுக்கு ஏற்றிவிட்டாராம். அம்மா எப்படி இருக்கிறார் என்று அவர்தான் முதலில் கேட்டார்.

அம்மா 85 பாகை.

மார்ச் 23, ஞாயிறு

சுங்கை காடுட்டில் ஒரு கேஎல்எக்ஸ்150பிஎஃப் பார்த்தேன். சான்றிதழ் இன்னும் நான்கு வருடம் சொச்சம் பாக்கி. பழைய வண்டிக்கு விலை கேட்டால் பாக்கி வருடத்தால் வகுத்துப் பார்க்க வேண்டும், அதுதான் உண்மையான விலை. வகுத்தேன். புது டபிள்யூஆரின் வருடக் கணக்கைவிடக் குறைவு. சான்றிதழ் முடியும்போது நான் இதைத் தாண்டிப் போயிருந்தால் டூஏ, 300, எல்லாம் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

உரிமையாளரிடம், நான் வரும்வரை எஞ்சினைத் தொட வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தேன். சூடான எஞ்சின் எல்லாக் குறையையும் மறைத்துவிடும். குளிரில் சோக் இழுத்ததும் எடுத்தது, புகை இல்லை. முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெல்லத் திருப்பினால் நடுவில் ஒரு இடத்தில் கரகரப்பு. தலைப் பேரிங் மாற்ற வேண்டும். பின்சக்கரத்தைத் தாங்கும் கையைப் பக்கவாட்டில் அசைத்தால் ஆட்டம் இல்லை. முன்சக்கரத்தைத் தாங்கும் குழாய்களில் எண்ணெய்க் கசிவு இல்லை. ஆரக்கம்பிகளை ஒவ்வொன்றாகப் பென்சிலால் தட்டினேன், இரண்டு தளர்ந்த சத்தம் கொடுத்தன. செயினும் பல்சக்கரமும் தேய்ந்திருக்கின்றன. இதையெல்லாம் சொல்லி விலையைக் குறைத்தேன், அவரும் மறுக்கவில்லை.

பிறகு, வண்டியைப் புல்லில் படுக்க வைக்கலாமா என்று கேட்டேன். ஆச்சரியப்பட்டாலும் சரி என்றார். படுக்க வைத்தேன். தூக்கினேன். மறுபக்கம் படுக்க வைத்துத் தூக்கினேன்.

மார்ச் 24, திங்கள்

விரைவுச்சாலை பயம் போகவில்லை. இடது தடத்தில் போவேன். வேலைக்குப் பதினைந்து நிமிடம் முன்னால் கிளம்புவேன். அவ்வளவுதான்.

மார்ச் 26, புதன்

92!

நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து நின்றார். நான் பிடிக்கப் போனேன், கையைத் தட்டிவிட்டார்.

முன்பணம் கட்டிவிட்டேன். அம்மாவிடம் சொன்னேன். "எத்தனை கிலோ?" என்று கேட்டார். 118 என்றேன். "நான் 71" என்றார், வேறொன்றும் சொல்லவில்லை.

மார்ச் 28, வெள்ளி

காப்புறுதி எடுத்தாயிற்று. மேற்கு மலேசியாவுக்கும் செல்லும், ஆனால் தோட்டத்துக்குள் விழுந்தால் வண்டிச் சேதத்துக்கு ஒன்றும் கிடைக்காது, வாசகத்தைத் தெளிவாகப் படித்துவிட்டுத்தான் கையெழுத்திட்டேன். பெயர் மாற்றம் நாளைக்கு. வாங்க வேண்டியவை: தலைப் பேரிங், செயின் செட், கைக்காப்பு, முட்டிக்காப்பு (நல்லதாக, விலை பார்க்காமல்), கையில் அடிக்கும் சின்னக் காற்றுப் பம்பு. இருக்கைப் பஞ்சைச் செதுக்க யாரிடம் கொடுப்பது என்று அண்ணனிடம் கேட்க வேண்டும்.