அம்மாவுக்கு இன்று எத்தனை டிகிரி

“பிள்ளைக்கு மட்டும் தெரிய வேணாம் சிஸ்டர்.”

சிங்கப்பூரில் ஒரு மருத்துவமனையில் மருத்துவ சமூகப் பணியாளராக இருக்கிறேன். தாதி இல்லை. ஆனாலும் தமிழ்க் குடும்பங்களுக்கு நான் சிஸ்டர்தான், எனக்கும் அது பிடித்துப்போய்விட்டது. புற்றுநோய் என்று தெரிந்த வாரத்தில் யார் வந்தாலும் இந்த வரி வரும். மாமியாருக்குத் தெரிய வேணாம், ஊரில் இருக்கும் அம்மாவுக்குத் தெரிய வேணாம் என்று ஆள்தான் மாறும்.

அன்று சொன்னவர் ஒரு லாரி ஓட்டுநர். (அடையாளங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.) மனைவிக்கு மார்பகப் புற்றுநோய். அறுவை முடிந்து கீமோ தொடங்க இருந்தது. ஒரே மகள், தொடக்கநிலை 5. ரசீதுகளைத் தேதி வாரியாக அடுக்கிய நீல ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு, “வீட்டை வித்துட்டு வாடகைக்குப் போயிடலாமான்னு யோசிக்கிறேன்” என்றார்.

சரி, முதலில் பணத்தைப் பேசிவிடலாம் என்றேன். அந்தப் பயம் தெளியாமல் வேறு எதுவும் காதில் ஏறாது. கீமோவுக்கு அரசாங்கத்தின் மெடிஷீல்டு லைஃப் காப்புறுதி உண்டு. ஆனால் 2022 செப்டம்பரிலிருந்து அரசாங்கப் பட்டியலில் உள்ள மருந்துகளுக்குத்தான் அந்தப் பணம் கிடைக்கும், அதனால் மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். மீதிக்கு, வரம்புக்கு உட்பட்டு, சம்பளத்திலிருந்து மருத்துவச் செலவுக்கென்று சேரும் மெடிசேவ் சேமிப்பு. மனைவியின் கணக்கு மட்டுமல்ல, கணவருடையதையும் எடுக்கலாம். அதற்கு மேலும் முடியாத குடிமக்களுக்கு 1993இல் தொடங்கிய மெடிஃபண்ட் என்ற அரசாங்க உதவி நிதி இருக்கிறது. 1964லிருந்து இயங்கும் சிங்கப்பூர்ப் புற்றுநோய்ச் சங்கமும் வசதி குறைந்த நோயாளிகளுக்கு உதவுகிறது. ஒவ்வொன்றையும் தாளில் எழுதிக் கூட்டிக் காட்டினேன். வந்ததிலிருந்து தொடாமல் வைத்திருந்த தண்ணீரை அப்போதுதான் எடுத்துக் குடித்தார்.

மகள் விஷயத்தில் மட்டும் அவர் இறங்கி வரவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. ஆனால் சும்மா தலையாட்டவும் என்னால் முடியவில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெரியவர் இருந்தார். நோய் முற்றியதைப் பிள்ளைகள் அவரிடம் மறைத்தார்கள். அவரோ, “எனக்குத் தெரியும்மா, பிள்ளைங்க தாங்க மாட்டாங்க, காட்டிக்காதே” என்றார். இரண்டு பக்கமும் என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டார்கள், நானும் கொடுத்தேன். அவர் போன பிறகு மகன் வந்து, “அப்பா கடைசியா ஏதாச்சும் சொன்னாரா?” என்று கேட்டார். சொல்லியிருந்தார். மகனிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் என்னிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

மூன்று வாரம் கழித்து, இரண்டாவது கீமோவுக்கு வந்த அன்று, ஓட்டுநரின் மனைவி என்னைப் பார்க்கக் கேட்டார். விடியற்காலையில் தூக்கம் வராமல் எழுந்து போயிருக்கிறார். குளியலறையில் மகள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தண்ணீர் போகும் இடத்தில் சுற்றியிருந்த முடியை டிஷ்யூத் தாளில் எடுத்துக்கொண்டிருந்தாளாம். அப்பா கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று தினமும் பள்ளிக்குக் கிளம்பும் முன் அதைச் செய்திருக்கிறாள்.

“அவளுக்கு இருமல்னு கிட்ட வராதேன்னு சொன்னேன் சிஸ்டர். ஏன்னு சொல்லலை. அம்மாவுக்கு என் மேல கோபம்னு நினைச்சுட்டு இருந்திருக்கா.”

எப்படிச் சொல்வது என்று அன்று இருவரும் பேசிப் பார்த்துக்கொண்டோம். நோயின் பெயரைச் சொல்லிவிட வேண்டும். இது தொற்றாது, உன்னால் வந்ததில்லை, உன்னைப் பள்ளிக்கு யார் கூட்டிப்போவார்கள் என்பது முடிவாகிவிட்டது. இந்த மூன்றையும் பிள்ளை கேட்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். “எல்லாம் சரியாயிடும்” என்று சத்தியம் செய்யச் சொல்ல மாட்டேன். அது யார் கையிலும் இல்லை. டாக்டர் சொன்னதை உனக்கும் சொல்வேன் என்ற வாக்கைக் கொடுக்கலாம், அதைக் காப்பாற்றவும் முடியும்.

அன்றிரவு கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து சொல்லியிருக்கிறார்கள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மகள், “நான் என்ன செய்யணும்?” என்றாளாம். அப்புறம் தெர்மோமீட்டர் அவள் பொறுப்பாயிற்று. கீமோ போட்ட பிறகு வெள்ளை அணுக்கள் குறையும். அந்த நாட்களில் காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, உடனே மருத்துவமனை. கட்டம் போட்ட கணக்கு நோட்டில் தேதி, நேரம், டிகிரி என்று கோடிழுத்து எழுத ஆரம்பித்தாள். ஒளிக்க எதுவும் இல்லாததால் எதிர்வீட்டு மக்சிக்கிடமும் (மலாய்க்கார அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) சொன்னார்கள். ஒரே தளத்தில் பல வருடம் பழகியவர். அவரிடமும் அதுவரை மூச்சு விட்டிருக்கவில்லை.

மூன்றாவது கீமோ முடிந்த பத்தாம் நாள் மாலை 38.2. அப்பா தீவின் மேற்குக் கோடியில், துவாஸில், லாரியில். மகள் மருத்துவமனை அட்டையில் இருந்த எண்ணுக்கு அழைத்தாள், பிறகு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள். மக்சிக் தலையில் போட்ட தூடோங் துணியைச் சரிசெய்தபடியே ஓடிவந்து டாக்சி பிடித்து, இருவரையும் அவசரப் பிரிவுக்குக் கூட்டிவந்தார். உடனே ஆண்டிபயாட்டிக் ஏற்றினார்கள்.

மறுநாள் காலை வார்டுக்குப் போனேன். அம்மா தூங்கிக்கொண்டிருந்தார். அப்பா நாற்காலியில் சாய்ந்திருந்தார், வேலைச் சட்டைகூட மாற்றவில்லை. பக்கத்து மேசையில் அந்த நோட்டு. தாதி பார்த்துச் சொன்ன அளவுகளையும் விடாமல் எழுதியிருந்தாள். கடைசி வரிசையில் 37.4. அதன் பக்கத்தில் புதிதாக ஒரு கோடிழுத்து, ‘சாப்பிட்டது’ என்று தலைப்பு: கஞ்சி அரைக் கிண்ணம், மக்சிக் கொடுத்த பேரீச்சம்பழம் 1.