மருந்து ஆரம்பித்ததும் ஏறிய கிரியேட்டினின்

2025 பிப்ரவரி 3
யூரினில் அல்புமின் என்ற புரதம் 240. முப்பதுக்குள் இருக்க வேண்டியது. கால் வீக்கம், நுரை என்று ஒரு அறிகுறியும் இல்லாமல் இவ்வளவு கசிந்துகொண்டிருக்கிறது. லோசார்டன் ஏற்கெனவே சாப்பிடுகிறேன், வெறும் பிரஷர் மாத்திரை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். டைப் 2 சர்க்கரைக்காரர்களின் கிட்னியையும் அது காக்கிறது என்பது 2001-லேயே ஆய்வில் தெரிந்துவிட்டதாம். இன்றிலிருந்து கூடவே டாபாகிளிஃப்ளோசின் 10 மி.கி.

பிப்ரவரி 5
இந்த மாத்திரையைப் பற்றித் தேடிப் படித்தேன். கிட்னி ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் வடிகட்டுகிறது, அதிலுள்ள சர்க்கரையை உப்போடு சேர்த்துத் திரும்ப இழுத்துக்கொள்கிறது. மாத்திரை அந்த வழியை அடைக்கிறது. உப்பு கூடுதலாகக் கீழே வருவதைப் பார்த்து, வடிகட்டிக்குள் ரத்தம் நுழையும் குழாய் கொஞ்சம் சுருங்கி, உள்ளே அழுத்தம் குறைகிறது. சர்க்கரை இறங்குவதைவிட இதுதான் கிட்னிக்கு முக்கியமாம். இதற்கெல்லாம் மூதாதை, 1835-ல் ஆப்பிள் மரப்பட்டையிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பொருள்!

மார்ச் 4
ரத்தத்தில் கிரியேட்டினின், அதாவது கிட்னி வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவு, 1.2-லிருந்து 1.4. கிட்னியைக் காக்க வந்த மருந்தே இப்படியா? பயந்துபோய் நானே நிறுத்திவிட்டேன்.

மார்ச் 6
நன்றாகத் திட்டு வாங்கினேன். "அழுத்தம் குறைஞ்சா ஆரம்பத்துல வடிகட்டுறதும் கொஞ்சம் குறையத்தான் செய்யும், முப்பது சதவீதத்துக்கு மேல ஏறினா யோசிக்கலாம், உங்களுக்கு அதுல பாதிதான்" என்றார் டாக்டர். இதே டாபாகிளிஃப்ளோசினை வைத்து 2020-ல் வந்த ஆய்வில் 4304 பேர். கிட்னி பெரிதாகக் கெடுவது, செயலிழப்பது, அதனாலோ இதயத்தாலோ இறப்பது எல்லாம் சேர்த்து 39% குறைவு. மூன்றில் ஒருவருக்குச் சர்க்கரை நோயே இல்லையாம். வாயை மூடிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தேன்.

ஏப்ரல் 19
வாந்தி, பேதி. இந்த மாதிரி நாளில் இரண்டு மாத்திரையையும் நிறுத்தச் சொல்லியிருந்தார், நிறுத்தினேன். சாப்பிடாமல் டாபாகிளிஃப்ளோசின் போட்டால் சர்க்கரை அளவு சாதாரணமாக இருக்கும்போதே கீட்டோன் (கொழுப்பு கரைவதால் ரத்தத்தில் சேரும் அமிலம்) ஏறிவிடக்கூடும். உடம்பு வலிக்கு வலி மாத்திரையும் கிடையாது, அதுவும் கிட்னிக்கு ஆகாது.

ஜூன் 10
அல்புமின் 150. கிரியேட்டினின் அதே 1.4, அதற்கப்புறம் நகரவில்லை. ராமிப்ரில் என்ற இன்னொரு பிரஷர் மாத்திரையும் சேர்த்தால் அல்புமின் இன்னும் இறங்குமா என்று டாக்டரிடம் கேட்டேன். லோசார்டனோடு அது கூடாது, பொட்டாசியம் எகிறும் என்று மறுத்துவிட்டு, கிட்னியைக் காக்கும் வேறு வகை மாத்திரையான ஃபினெரினோன் எழுதினார். இதிலும் பொட்டாசியம் ஏறலாம், இப்போது 4.6 என்பதால் ஆரம்பிக்கலாமாம். நாலு வாரம் கழித்து மறுபடி ரத்தம் கொடுக்க வேண்டும். கிரியேட்டினினைப் பார்த்து இந்தத் தடவை நிறுத்தமாட்டேன், முதலில் போன் பண்ணுவேன்.