காக்கி வற்றல், இரண்டாம் சுற்று: 48 தொங்கியதில் 45 தேறியது

போன வருஷம் 30 ஷிபுகாகி (ஜப்பானின் காக்கி, அதாவது பெர்சிமன் பழத்தில் துவர்க்கும் வகை) தோல் சீவிக் காயத் தொங்கவிட்டதில் 19 பூசணம் பிடித்துக் குப்பைக்குப் போயின. இந்த வருஷம் 48க்கு 45 கையில் நிற்கின்றன. போன மூன்றில் இரண்டு கீழே விழுந்தவை, பூசணத்துக்குப் பலி ஒன்றே ஒன்று. கொஞ்சம் பெருமை அடித்துக்கொள்ளத்தான் இந்தக் குறிப்பு. பழம் அதே ஹச்சியா ரகம், பால்கனியும் அதே பால்கனி. மாறியது இரண்டுதான்: தொங்கவிட்ட தேதி, ஹெதாவை, அதாவது காம்புத் தொப்பியைச் சுற்றிக் கத்தி போன விதம்.

தேதியைச் சுருக்கமாக முடித்துவிடலாம். ஜப்பானில் பள்ளி வேலையில் இருப்பவர்களுக்கு நவம்பரில் பழம் சீவத் தோதான விடுமுறை இரண்டு: 3ஆம் தேதி கலாசார தினம், 23ஆம் தேதி உழைப்புக்கு நன்றி சொல்லும் தினம். ஷிபுகாகி கடைக்கு வருவது முதலாவதை ஒட்டி. கை பரபரக்கும், அடக்கிக்கொள்ள வேண்டும். இங்கே, குன்மா சமவெளியில் அப்போது பகல் 20 டிகிரி வரை ஏறும், இடையில் மழை வரும், பழ ஈக்கும் உயிர் இருக்கும். சீவிய பழம் மேலே தோல் கட்டுவதற்குள் பூசணம் முந்திக்கொள்ளும். 23ஆம் தேதி வாக்கில் பகலே 15 டிகிரியைத் தாண்டத் தயங்குகிறது. கூடவே கராக்கஸே தொடங்கிவிடும். ஜப்பான் கடல் பக்கத்து ஈரத்தையெல்லாம் நிய்கதா மலைகளில் பனியாகக் கொட்டிவிட்டு, வறண்டு போய் இந்தப் பக்கம் இறங்குகிற காற்று அது. ஆளுக்கு உதடு வெடிக்கும், பழத்துக்கு அமிர்தம். வெயிலை நம்பிச் சுண்டைக்காய் வற்றல் போட்ட புத்தி இங்கே செல்லாது. காற்றும் குளிரும்தான் வேலை செய்கின்றன.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 23 நவம்பரிலிருந்து 32ஆம் நாள் 25 டிசம்பர், குளிர்கால விடுமுறை ஆரம்பிக்கிற சமயம். கடைசிக் கட்ட வேலைக்குப் பகலில் ஆள் வீட்டில் இருக்க வேண்டும். அதுவரை காலை 7:30க்குக் கதவைப் பூட்டினால் மாலை 5 மணிக்குத்தான் திறப்பது, நடுவில் மழை வந்தால் ஓடிவந்து எடுக்க ஆள் கிடையாது. அதனால் துணி காயப்போடும் கம்பியை வெளி விளிம்பில் வைக்காமல், மேல்மாடி பால்கனி கூரைபோல் மறைக்கிற உள்பக்கத்துக் கொக்கியில் மாட்டியாயிற்று. சாரல் படாது, காற்று வரும். முதல் இரண்டு நாள் சாறு சொட்டும், அடியில் செய்தித்தாள் விரிக்காவிட்டால் கீழ்வீட்டுத் துணியில் கறை. காக்கிக் கறை எந்த சோப்புக்கும் போகாது.

இனி ஹெதா. கத்தரிக்காயின் காம்புத் தொப்பி மாதிரி காக்கிக்கும் நாலு இதழ்த் தொப்பி உண்டு. ஜப்பானியர் இரண்டையும் ஹெதா என்றுதான் சொல்கிறார்கள். போன வருஷம் கெட்ட பழங்களில் முதல் புள்ளி தோன்றிய இடம் பெரும்பாலும் இந்தத் தொப்பியின் அடிதான். காரணம் தெரிந்தால் வைத்தியம் சுலபம். இதழ்கள் காயும்போது கீழ்நோக்கி மடங்கிப் பழத்தின் தோளில் ஒட்டிக்கொள்கின்றன, அடியில் காற்று போவதில்லை. வெந்நீரில் முக்கி எடுத்த தண்ணீரும் அங்கேதான் தேங்குகிறது. போதாததற்கு, சீவுகிறவர்கள் ஹெதாவுக்குப் பயந்து சுற்றிலும் ஒரு விரல் அகலத்துக்குத் தோலை விட்டுவிடுகிறார்கள். காக்கித் தோல் மெழுகு மாதிரி, ஈரத்தை வெளியே விடாது. தோல் இருக்கிற இடத்தின் சதை மூன்று வாரமானாலும் ஈரமாகவே கிடக்கும்.

இந்த முறை செய்தது: முதலில் கத்தரிக்கோலால் நாலு இதழையும் நறுக்கி, ஒரு யென் காசு அளவு வட்டத்தை மட்டும் விட்டது. காசின் அகலம் 20 மில்லிமீட்டர், ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் கண் பழகிவிடும். பிறகு சின்னக் கத்தியின் முனையை வட்டத்தின் ஓரத்தில் சாய்வாக 2 மில்லிமீட்டர் இறக்கி, கத்தியை அசைக்காமல் பழத்தைத் திருப்புவது. தோள்பட்டைத் தோல் மோதிரம்போல் ஒரே சுற்றில் கழன்று வரும். மீதித் தோலைச் சீவு கத்தியால் மேலிருந்து நுனிவரை நேர்க்கோட்டில் இழுப்பது. ஆப்பிள் சீவுகிற மாதிரி சுருள் சுருளாகப் போனால் இடையிடையே கீற்றுத் தோல் தங்கிவிடுகிறது.

2 மில்லிமீட்டர் என்பதில் பிடிவாதம் வேண்டும். ஆழம் 5 ஆகிவிட்டால் ஹெதாவையும் பழத்தையும் பிடித்திருக்கிற நார் அறுபடும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. இரண்டாம் வாரம் பழம் கனிந்து நார் மட்டும் பாரம் தாங்கும்போது, ஹெதா கயிற்றில், பழம் தரையில். விழுந்த இரண்டும் இந்தக் கோளாறுதான். இரண்டுமே கடைசியாகச் சீவியவை, கை சோர்ந்த நேரம். 48 பழத்துக்கு மூன்றரை மணி நேரம் ஆனது. 24 ஆனதும் ஒரு டீ குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தால் அவையும் தப்பியிருக்கும்.

கத்தி இரும்பாக இருக்கக் கூடாது. காக்கியின் துவர்ப்பு டேனின், இரும்பு பட்டால் கறுத்து மை மாதிரி ஆகிப் பழத்திலும் ஏறும். எவர்சில்வர் அல்லது பீங்கான் கத்தி போதும். கையுறை போடாவிட்டால் மறுநாள் வகுப்பில் சாக்பீஸ் பிடிக்கிற விரல் கறுப்பாக இருக்கும், பிள்ளைகள் கேள்வி கேட்டே பாடத்தை ஒப்பேற்றிவிடுவார்கள்.

கயிறு. பழம் வாங்கும்போதே கிளைத்துண்டு டி வடிவத்தில் விட்டு வெட்டியதா என்று பார்க்க வேண்டும். சூப்பர் மார்க்கெட் பழத்தில் காம்பை ஒட்ட நறுக்கியிருப்பார்கள். சோகுபாய்ஜோ என்கிற விவசாயிகளின் நேரடி விற்பனைக் கடையில், ஹோஷிகாகிக்கு (காக்கி வற்றலுக்கு) என்று எழுதிய பையில்தான் டி இருக்கும். அங்கே 12 பழம் 700 யென்னுக்குக் கிடைத்தது, நாலு பை. காலை 10 மணிக்கு மேல் போனால் அலமாரியில் கொன்யாக்கு என்கிற கிழங்குக் கூழ்க்கட்டியும் நீள வெங்காயமும்தான் மிச்சம்.

70 சென்டிமீட்டர் நைலான் கயிறு ஒன்றுக்கு இரண்டு பழம், முனைக்கு ஒன்று. கம்பியில் போடும்போது ஒரு பக்கம் 10 சென்டிமீட்டர் தாழ இருக்கட்டும், ஜோடிப் பழங்கள் உரசக் கூடாது. முடிச்சு சுருக்கு முடிச்சாகவே இருக்க வேண்டும். பழம் மட்டுமல்ல, டி கிளையும் காய்ந்து ஒல்லியாகும். சாதா முடிச்சு தளர்ந்துபோகும், சுருக்கு தானே இறுகிக்கொள்ளும். 100 யென் கடையில் இதற்கென்றே விற்கிற பிளாஸ்டிக் கிளிப்பைப் போன வருஷம் நம்பியதுண்டு. முதல் வாரம் கம்பீரமாக நிற்கும், மூன்றாம் வாரம் ஒவ்வொன்றாக நழுவும். டி இல்லாத பழம் வந்து சேர்ந்தால், ஹெதாவின் நடுவில் எவர்சில்வர் திருகாணி ஒன்றை நேராக இறக்கி அதன் தலையில் கயிறு கட்டலாம், நன்றாகவே பிடிக்கிறது.

வெந்நீர்: தளதளவென்று கொதிக்கிற தண்ணீரில் கயிற்றைப் பிடித்தபடி ஜோடியாக முக்கி 10 எண்ணி எடுப்பது. ஒவ்வொரு ஜோடிக்கும் தண்ணீர் மறுபடி கொதிக்கட்டும். அவசரப்பட்டால் வெதுவெதுப்பான குளியல்தான், பூசணம் சாகாது. அரை நிமிஷம் விட்டால் மேல்சதை வெந்து வழவழவென்று ஆகி, தோல் கட்டாமல் அடம்பிடிக்கும். எடுத்ததும் ஹெதா வட்டத்தைச் சுற்றிக் காகிதத் துண்டால் ஒற்றி ஈரம் எடுப்பது. இந்த ஒற்றலைத்தான் போன வருஷம் செய்யவில்லை. மூன்றாம் நாளும் ஆறாம் நாளும் 35 சதவீத ஆல்கஹால் உள்ள ஷோச்சு என்கிற ஜப்பானியச் சாராயத்தை ஹெதாமேல் ஒரு பீச்சு பீச்சியது கூடுதல் காப்பு.

ஒரு பழத்தை மட்டும் குறி வைத்து வாரம் ஒரு தடவை சமையல் தராசில் நிறுத்ததில் வந்த எடை: சீவிய அன்று 212 கிராம், 7ஆம் நாள் 151, 14இல் 113, 21இல் 88, 28இல் 73. பச்சைப் பழத்தில் ஏறக்குறைய ஐந்தில் நாலு பங்கு தண்ணீர். ஆகவே 212இல் தண்ணீர் போக உள்ளது 42 கிராம் சொச்சம், அது எங்கும் போகாது. எடை 85ஐத் தொடும்போது பாதி தண்ணீர், பாதி சரக்கு. அதுதான் உள்ளே ஜாம் மாதிரி இருக்கிற அம்போகாகி பதம். 60க்கு வந்தால் தண்ணீர் சுமார் 30 சதவீதம், நன்றாகக் காய்ந்து மேலே வெள்ளைச் சர்க்கரை பூக்கிற கொரோகாகி பதம். கையால் அமுக்கிப் பதம் பார்க்கத் தெரியாதவர்களுக்குத் தராசு ஒரு வரப்பிரசாதம்.

அமுக்குவதைப் பற்றி. மேல்தோல் சுருங்கி, விரல் வைத்தால் ஒட்டாமல் இருந்தால்தான் முதல் பிசைவு. இந்த வருஷம் அது 9ஆம் நாள். நுனியிலிருந்து ஹெதா நோக்கி, காதுமடலைத் தடவுகிற அழுத்தத்தில், உள்ளே இருக்கிற கெட்டி மையம் நெகிழும்வரை. தோல் கிழிந்தால் சாறு கசியும், கசிந்த இடம் பூசணத்துக்கு வாசல். பலியான அந்த ஒரு பழம் இப்படிக் கிழிந்ததுதான். பிறகு நாலு நாளைக்கு ஒரு தடவை பிசைந்தால் போதும். பிசையாமல் விட்டால் வெளியே தோலாகவும் உள்ளே கூழாகவும் இரண்டு வேறு பொருளாக நிற்கும்.

துவர்ப்பு போவது காய்வதால் மட்டுமல்ல. மேலே தோல் கட்டியதும் பழம் மூச்சுத் திணறி, உள்ளே அசிட்டால்டிஹைடு சேர்கிறது. அது டேனினைக் கட்டியாக்கிக் கரையவிடாமல் செய்துவிடுகிறது. டேனின் அங்கேயேதான் இருக்கிறது, நாக்குக்குத் தெரிவதில்லை. வெட்டினால் தெரிகிற பழுப்புப் புள்ளிகள் அதுதான், பூசணம் என்று தூக்கிப் போட வேண்டாம். ஆசைப்பட்டு 10ஆம் நாளே கடித்தால் வாய் முழுக்க வாழைப்பூ. துவர்ப்போடு வெறும் வயிற்றில் நிறையத் தின்றால் வயிற்றில் கல்போலக் கட்டிக்கொள்ளவும் கூடும்.

மழை பெய்த இரண்டு நாளும் கம்பியோடு உள்ளே கொண்டுவந்து மின்விசிறி போட்டாயிற்று. மண்ணெண்ணெய் ஹீட்டர் ஓடுகிற அறையில் மட்டும் வைக்காதீர்கள். ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக அறையில் கலக்கிறது. வெதுவெதுப்பும் ஈரமும் சேர்ந்தால் யாருக்குக் கொண்டாட்டம் என்று சொல்ல வேண்டியதில்லை.

கடையில் விற்கிற அம்போகாகி ஆரஞ்சாக மினுங்குவதைப் பார்த்து ஏங்குகிறவர்களுக்கு: அது கந்தகப் புகை போட்டது. ஃபுகுஷிமாவின் தாதே பகுதிதான் அதற்குப் பேர்போனது. 2011 அணு உலை விபத்துக்குப் பிறகு இரண்டு பருவம் உற்பத்தியையே நிறுத்தி, 2013இல் மீண்டும் தொடங்கினார்கள். அடுக்குமாடி வீட்டில் கந்தகம் கொளுத்தினால் தீயணைப்பு வண்டிதான் வரும். வீட்டுப் பழம் கறுப்புத்தான், ருசியில் குறைவில்லை.

சீவிய தோலை வீசவில்லை. மூங்கில் தட்டில் காயவைத்தது அரைப் பை இருக்கிறது. இங்கே தக்குவான் முள்ளங்கி ஊறுகாயில் தவிட்டோடு இதை இனிப்புக்குப் போடுவார்கள். தவிடு 10 கிலோ மூட்டையாகத்தான் கிடைக்கும் என்கிறார் அரிசிக் கடைக்காரர், அவ்வளவு எங்கே வைப்பது என்பது தனிப் பிரச்சினை. அடுத்த வருஷம் நகானோவின் இச்சிதாகாகி ரகம் 30 வாங்கிப் பார்க்க எண்ணம். சின்னப் பழம் என்பதால் சீக்கிரம் காயும், மேலே சர்க்கரை மாவும் நன்றாக ஏறும். பச்சைக் காயை இடித்துப் புளிக்கவைக்கும் காக்கிஷிபுச் சாயமும் பட்டியலில் உண்டு. நம்மூர்ப் பனிச்சையும் இதே இனம், அதன் காய்ச்சாற்றை வலைக்கும் படகுக்கும் பூசுவதும் இதே வேலைதான். தொட்டியில் மரமே வைக்கலாமே என்று பள்ளியில் ஒருவர் யோசனை சொன்னார். பீச்சும் செஸ்நட்டும் மூன்று வருஷம், காக்கி எட்டு வருஷம் என்பது இங்கே பழமொழி. வெளிநாட்டவரைப் பள்ளி வேலைக்கு அழைத்துவரும் ஜெட் திட்டத்து ஆசிரியருக்கு ஒப்பந்தம் அதிகபட்சம் ஐந்து வருஷம். பூ பார்க்கவே மூன்று வருஷம் துண்டு விழுகிறது.

நடப்பு நிலவரம்: 21ஆம் நாள் 20 பழத்தை இறக்கி, தனித்தனியாகச் சுற்றி உறைபெட்டியில் போட்டாயிற்று. சர்க்கரை அதிகம் என்பதால் கல்லாக இறுகாது, எடுத்துப் பத்து நிமிஷத்தில் தின்னலாம். ஐந்தைப் புத்தாண்டு நமாசுவுக்கு ஒதுக்கியாயிற்று. முள்ளங்கி, கேரட் காடியோடு மெல்லியதாக நறுக்கிப் போட்டால் வேறு இனிப்பே வேண்டாம். மீதி 20 கொரோகாகிக்கு. அவை 32ஆம் நாள் அட்டைப் பெட்டிக்குள் போயின, அடுக்குக்கு அடுக்கு காய்ந்த தோல். இரவு பெட்டியில் மூடி வைத்தால் உள்ஈரம் மேலே வரும், பகலில் மூன்று மணி நேரம் காற்றில் பரப்பி, மெல்லிய தூரிகையால் தடவினால் சர்க்கரை பொடியாக வெளியே பூக்கும். நாலாவது நாளான இன்று ஏழு பழத்தில் வெள்ளை தெரிகிறது, நகத்தால் சுரண்டினால் மணல்போல் நெறுநெறுவென்று உதிர்கிறது. பூசணமாக இருந்தால் பஞ்சுபோல் எழும்பி நிற்கும், பச்சையோ நீலமோ ஓடும். குறி வைத்த பழம் 66 கிராம். இன்னும் ஆறு கிராம் இறங்க வேண்டும், நாளைக்கு மழை என்று வானிலை அறிக்கை சொல்கிறது.