குரூப் 4 கணக்குக்குப் பின்கோடு போதும்

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வில் 200 கேள்விகளில் 25 திறனறிவு. கால்குலேட்டர் கிடையாது. ஆறு இலக்க எண்ணைப் பார்த்ததும் பலர் அடுத்த கேள்விக்குத் தாவிவிடுகிறார்கள். எளிதாகக் கிடைக்கும் மார்க்கை ஏன் விட வேண்டும்?

திருப்பூரில் பனியன் கம்பெனியில் பில் போட்டுக்கொண்டே படித்தவன் நான். வேலை நேரத்தில் புத்தகத்தை விரிக்க முடியாது. ஆனால் ஒவ்வொரு பில்லிலும் ஒரு பின்கோடு இருக்குமே!

ஈரோடு 638001. இலக்கங்களின் கூடுதல் 18, எனவே 9-ஆல் வகுபடும். அடுத்து 7, 11, 13 மூன்றையும் ஒரே கழித்தலில் பார்த்துவிடலாம். முதல் மூன்று இலக்கத்திலிருந்து கடைசி மூன்றைக் கழியுங்கள்: 638 − 1 = 637. 7 × 11 × 13 = 1001 என்பதால்தான் இது வேலை செய்கிறது. 637 என்பது 7 × 7 × 13. ஆக ஈரோடு 7-ஆலும் 13-ஆலும் வகுபடும், 11-ஆல் வகுபடாது. இங்கே கவனம்: 637-இல் இரண்டு 7 இருக்கிறதே என்று 638001-ஐ 49 வகுக்கும் என முடிவு கட்டக் கூடாது. 1001-இல் ஒரு 7தான் இருக்கிறது, அதற்கு மேல் இந்தச் சோதனை எதுவும் சொல்லாது.

சரி, 9, 7, 13 ஆகியவற்றால் வகுத்தால் மிச்சம் 779. அது 820-க்கு 41 குறைவு, அதாவது 41 × 19. முழுசாகப் பிரித்தால் 3² × 7 × 13 × 19 × 41. ஒவ்வொரு அடுக்கோடும் 1 கூட்டிப் பெருக்குங்கள்: 3 × 2 × 2 × 2 × 2 = 48 காரணிகள்.

கரூர் 639001-க்கு 639 − 1 = 638, அதாவது 11 × 58. எனவே 11-ஆல் வகுபடும். கோவை 641001 முரட்டு எண், 3 × 43 × 4969. இந்த மாதிரி எண்ணோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

எனக்குப் பிடித்தது எங்கள் திருப்பூர்தான்: 641601. இரண்டிரண்டாகப் பிரியுங்கள், 64, 16, 01. எட்டின் வர்க்கம், 2 × 8 × 1, ஒன்றின் வர்க்கம். ஆக இது 801-இன் வர்க்கம்! 3⁴ × 89² என்பதால் காரணிகள் 5 × 3 = 15. காரணிகள் எப்போதும் ஜோடி ஜோடியாக வரும். முழு வர்க்கத்தில் மட்டும் வர்க்கமூலம் தனக்குத்தானே ஜோடி, அதனால் எண்ணிக்கை ஒற்றைப்படை. இதைத் தேர்வில் வளைத்து வளைத்துக் கேட்பார்கள்.

அப்புறம் மீப்பெரு பொதுக் காரணி. ஈரோட்டுக்கும் திருப்பூருக்கும் வித்தியாசம் 3600. விடை இந்த 3600-ஐ வகுத்தே ஆக வேண்டும். இரண்டு எண்ணும் 1-இல் முடிவதால் 2-க்கும் 5-க்கும் இடமில்லை. மிஞ்சுவது 9, அது இரண்டையும் வகுக்கிறது. விடை 9. மீச்சிறு பொது மடங்குக்கு ஒரு எண்ணை இந்த 9-ஆல் வகுத்து மற்றதால் பெருக்க வேண்டும்: 638001 ÷ 9 = 70889, ஆக 70889 × 641601, அதைப் பெருக்கச் சொல்கிற அளவுக்குக் கேள்வி எடுப்பவர்கள் கொடுமைக்காரர்கள் இல்லை.