அரபு மாணவருக்கு நம்ம ஒர்க்‌ஷீட் ஒத்துவராது

காட்பாடி, வேலூர்ப் பக்கம் ஸ்போக்கன் இங்கிலீஷ் எடுப்பவர்களிடம் ஏமன், சூடான், ஓமன் என்று அரபு பேசும் கல்லூரி மாணவர்களும் வந்து சேர்கிறார்கள். தமிழ்ப் பிள்ளைகளுக்கு வைத்திருக்கும் தாளையே அவர்களுக்கும் நீட்டினால் பாதி நேரம் வீண். அவர்கள் சறுக்கும் இடமே வேறு.

முதலில் கவனிக்க வேண்டியது வாசிப்பு. அரபியில் குறில் உயிருக்குத் தனி எழுத்து கிடையாது, மெய்யின் மேலோ கீழோ போடும் குறிதான். வேலூர் பாகியாத் அரபிக் கல்லூரியில் ஓதியவர்களைக் கேட்டால் ஜபர், ஜேர், பேஷ் என்று விளக்குவார்கள். குர்ஆனில் அந்தக் குறிகள் உண்டு, செய்தித்தாளில் இருக்காது. மெய்யை மட்டும் பார்த்தே சொல்லைப் பிடித்துப் பழகிய கண், ஆங்கிலத்திலும் உயிரெழுத்தைத் தாண்டிப் போய்விடும். ‘ஃபார்ம்’, ‘ஃப்ரம்’ இரண்டும் ஒன்றாகத் தெரியும். பேச்சு சரளமாக வந்தும் நீளமான பத்தியைப் படித்து விடை எழுத நேரம் போதாமல் தவிக்கிறார்களே, அதில் இதற்குப் பெரிய பங்குண்டு. சோம்பல் என்று திட்டுவது அநியாயம்.

பேட், பெட், பிட், பட் என்று மெய் மாறாமல் உயிர் மட்டும் மாறும் சொற்களை எடுங்கள். நாளுக்குப் பத்து போதும். உயிரெழுத்தின் இடத்தைக் காலியாக விட்டு அச்சடித்து, நீங்கள் வாசிக்க வாசிக்க அவர்கள் அந்த எழுத்தை மட்டும் நிரப்பட்டும். பிறகு அதே சொற்களை வாக்கியத்தில் வைத்துக் கொடுங்கள். தனிச்சொல்லில் தப்பாதவர் இங்கே தப்புவார். பயிற்சி வேண்டியது அங்கேதான்.

அடுத்தது ‘ப’. ‘பம்பரம்’ என்று சொல்லிப் பாருங்கள், முதல் ப வேறு, இரண்டாவது வேறு. அரபியில் இரண்டாவது மட்டும்தான் உண்டு; ‘பேப்பர்’ முழுக்க அதிலேயே வரும். நம்ம பக்கமும் கோளாறு இருக்கிறது: முதல் ப-வைக் காற்று விடாமல் சொல்கிறோம், வித்தியாசம் அவர்கள் காதுக்குச் சரியாக எட்டுவதில்லை. வாய்க்கு முன்னால் டிஷ்யூ பேப்பர் ஒன்றைப் பிடித்து, அது ஆடும்படி சொல்லிக் காட்டுங்கள். கொஞ்ச நாள் ‘பஸ்’கூடக் காற்றோடு வரும், பிறகு அடங்கிவிடும்.

‘தேங்க்ஸ்’ விஷயத்தில் நாம் அடக்கி வாசிப்பது நல்லது. நாக்கைப் பல்லிடுக்கில் வைக்கும் அந்த ஒலி இராக், ஏமன்காரர்களுக்குப் பெரும்பாலும் சொந்தம். நாம்தான் வெறும் ‘த’ போடுகிறோம். எகிப்து, சூடான் ஆட்கள் ‘ஸ’ போடுவார்கள்.

நம்ம பிள்ளைகள் ‘தி’யை விட்டுவிடுவார்கள், இவர்கள் வேண்டாத இடத்திலும் போடுவார்கள்: ‘தி லைஃப் ஈஸ் டிஃபிகல்ட்’. அரபியில் வாழ்க்கை, பொறுமை போன்ற பொதுப்பெயருக்கும் ‘அல்’ வருமே! கோடிட்ட இடத்தை நிரப்புவது இதற்குப் பயன்படாது. மிஞ்சிய ‘தி’யை அடிக்கச் சொல்லும் தாள் வேண்டும். ‘ஹி டாக்டர்’ என்று ‘ஈஸ்’ விழுந்துபோவது நமக்குத் தெரிந்த கதை, ‘அவர் டாக்டர்’ என்பதுதானே நம்ம வாக்கியமும். அரபியில் நிகழ்காலத்தில் மட்டும் அப்படி. அதனால் ‘வாஸ்’ ஒழுங்காகவே வரும். ‘தி புக் விச் ஐ பாட் இட்’டில் ஒட்டிக்கொள்ளும் ‘இட்’டும் அங்கிருந்து வந்ததுதான்.

அறையில் நாலு பேரும் அரபியில் பேசினால் வகுப்பில் கற்றது அங்கேயே கரையும். மளிகைக்கடை, ஆட்டோ ஆங்கிலம் ‘அண்ணா, ஹவ் மச்’ அளவில் நின்றுவிடும். கூச்சம் போகும், வாக்கியம் வளராது. வகுப்பில் ஒரு அரபு மாணவர், ஒரு தமிழ் மாணவர் என்று ஜோடி போட்டு, ஒருவர் எழுதியதை மற்றவர் திருத்தட்டும். இரண்டு அரபு மாணவரைச் சேர்த்து உட்கார வைத்தால் ஐந்தே நிமிடத்தில் அரபிக்குத் தாவிவிடுவார்கள். நம்ம பசங்களும் அப்படித்தான்.