இருபதுக்கு ஒன்று

உயர்தர வகுப்பில் எங்களுக்கு இரசாயனவியல் கற்பித்த ஆசிரியர், அமிலமோ காரமோ சிறிது சேர்ந்தாலும் அமிலத்தன்மை அதிகம் மாறாத தாங்கற் கரைசல்கள் பற்றிய பாடத்தை அளவியும் குழாயியும் கொண்டு தொடங்காமல், மனிதக் குருதியைக் கொண்டே தொடங்கினார். நாடிக் குருதியின் பி.எச். பெறுமானம் (அமிலத்தன்மை கூடக் குறையும் அளவு) 7.35க்கும் 7.45க்கும் இடையில் நிற்கவேண்டும் என்று கரும்பலகையில் எழுதினார். பின்னர், உடல் நாள்தோறும் ஏறத்தாழ 15,000 மில்லிமூல் காபனீரொட்சைட்டையும், உடல் நிறையில் கிலோகிராமுக்கு ஏறக்குறைய 1 மில்லிமூல் வீதம் ஆவியாகாத அமிலங்களையும் உண்டாக்குகிறது என்று சொல்லி, இவையெல்லாம் எங்கே போகின்றன என்று எங்களையே கேட்டார்.

காபனீரொட்சைட்டை நுரையீரல் வெளியேற்றுகிறது என்ற விடை உடனே வந்தது. சிறுநீரகம் மற்றைய அமிலங்களை அகற்றுவதோடு, வடிகட்டப்பட்ட 4,300 மில்லிமூல் அளவிலான, அமிலத்தைச் சமப்படுத்தும் இருகாபனேற்றையும் நாள்தோறும் மீட்டெடுக்கிறது என்பதை அவர்தான் சொல்லித்தர வேண்டியிருந்தது. நுரையீரல் சில நிமிடங்களிலேயே ஈடுசெய்யத் தொடங்கும். சிறுநீரகத்துக்கோ சில நாட்கள் வேண்டும்.

ஆனால் அவர் அதிக நேரம் செலவிட்டது ஒரு விகிதத்தில்தான். ஹென்டர்சன் 1908இல் வகுத்து, ஹாசல்பாக் 1916இல் மடக்கை வடிவில் எழுதிய, பி.எச். பெறுமானத்தைக் கணிக்கும் சமன்பாட்டில், லீற்றருக்கு மில்லிமூலில் இருகாபனேற்றுச் செறிவு 24, கரைந்துள்ள காபனீரொட்சைட்டு 1.2 எனப் பிரதியிட்டால் விகிதம் 20 ஆகும். அதன் மடக்கையான 1.3ஐச் சமன்பாட்டின் மாறிலியான 6.1 உடன் கூட்ட, 7.4 கிடைக்கும். இரண்டும் இருமடங்கானாலும் பி.எச். அசையாது என்பதை அவர் எங்களைக் கொண்டே கணித்துக் காட்டச் செய்தார். எனவே இவ்விரண்டில் ஒன்றை மட்டும் அறிந்தவர் எதையும் அறியாதவரே என்பார். சற்றுக் கடுமையான கூற்றுத்தான், ஆயினும் பரீட்சைக்கு அப்பாலும் எனக்கு உதவியது.

அதன் முழுப் பொருளையும் மருத்துவ பீடத்தில், 1952ஆம் ஆண்டின் கொப்பன்ஹேகன் இளம்பிள்ளைவாதக் கொள்ளைநோயைப் பற்றிப் படித்தபோதே உணர்ந்தேன். பிளெக்டாம் மருத்துவமனையில் மூச்சுத்தசைகள் செயலிழந்த நோயாளரின் குருதியில் இருகாபனேற்று உயர்ந்திருக்கக் கண்ட மருத்துவர்கள், அதைக் காரணம் தெரியாத கார மிகைப்பு என்றே கருதினர். மயக்க மருந்து நிபுணரான பியோர்ன் இப்சன், மூச்சு போதாமையால் காபனீரொட்சைட்டு தேங்கியிருப்பதே அந்த உயர்வுக்குக் காரணம் என வாதிட்டார். பவுல் ஆஸ்ட்ரப் பி.எச். பெறுமானத்தை அளந்தபோது, குருதி உண்மையில் அமிலப் பக்கம் சாய்ந்திருப்பது தெரிந்தது. அதன்பின் மூச்சுக்குழலில் துளையிட்டுக் குழாய் பொருத்தி, மருத்துவ மாணவர்கள் முறைவைத்து இரவு பகலாகக் கையால் பையை அழுத்திக் காற்றுச் செலுத்தினர். இறப்பும் பெரிதும் குறைந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவு என்னும் அமைப்பின் வரலாற்றைப் பலரும் இங்கிருந்தே தொடங்குவர்.

காரநீர் அருந்தினால் குருதி காரமாகும் என்று விற்பனை செய்வோரைக் காணும்போது அந்த வகுப்பு நினைவுக்கு வருவதுண்டு. வயிற்றின் அமிலத்தைத் தாண்டி எஞ்சும் சிறிதளவு காரத்தையும் ஆரோக்கியமான சிறுநீரகம் சிறுநீரில் கழித்துவிடும்.

இன்று நான் பணிபுரியும் பிரிவில், நாடிக் குருதியில் சில துளிகள் போதும். கருவி சில நிமிடங்களில் முடிவுகளை அச்சிட்டுத் தருகிறது. அது நேரடியாக அளப்பவை பி.எச். பெறுமானமும் காபனீரொட்சைட்டின் பகுதியமுக்கமும் (அது எவ்வளவு கரைந்துள்ளது என்பதைக் காட்டும் அமுக்கம்). இருகாபனேற்றை, எங்கள் ஆசிரியர் கரும்பலகையில் எழுதிய அதே சமன்பாட்டைக் கொண்டு கணித்தே தருகிறது.