வைவாவில் மேல் அம்புக்குறியை அழுத்தினார்கள்

கடைசிப் பருவத்தில் ப்ராஜெக்டாக, டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் திரையில்) ஓடும் ஒரு சின்ன நிரலைப் பைத்தானில் எழுதினேன். செய்தியையும் பாஸ்வேர்டையும் கொடுத்தால் பூட்டித் தரும். அதே பாஸ்வேர்டு கொடுத்தால் திறந்து தரும். இதே தலைப்பை எடுக்கப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் சீசர் முறையில், எழுத்துகளைச் சில இடம் தள்ளிப் பார்த்தேன். தமிழில் செய்தி கொடுத்ததும் குழம்பியது. ‘கி’ நமக்கு ஓர் எழுத்து. கணினிக்கு ககரமும் இகரக் குறியும் என இரண்டு குறியீடுகள், எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 6 பைட்டுகள். தள்ளினால் காலும் கொம்பும் கண்ட இடத்தில் போய் ஒட்டுகின்றன. செய்தியை முதலில் பைட்டுகளாக்கி, பைட்டுகளைத்தான் பூட்ட வேண்டும். எந்த மொழியும் அப்புறம் பிரச்சினை இல்லை.

பிறகு ஏஇஎஸ்-ஜிசிஎம்முக்கு மாறினேன். செய்தியைப் பூட்டுவதோடு, அது இடையில் மாற்றப்பட்டதா என்றும் சரிபார்க்கும் முறை அது. அதை நீங்களே எழுத முயலாதீர்கள். நன்கு சோதிக்கப்பட்ட லைப்ரரி போதும், பத்துப் பன்னிரண்டு வரிதான். என் நேரமெல்லாம் போனது சாவியில். ஏஇஎஸ்-256க்கு 32 பைட் சாவி வேண்டும். நான் பாஸ்வேர்டுக்குப் பின்னால் பூஜ்யங்களை நிரப்பி 32 ஆக்கியிருந்தேன். இது பெரிய தவறு. சிறிய பாஸ்வேர்டை யாரும் வேகமாக ஊகித்துவிடலாம். பைத்தானின் ஹேஷ்லிப் லைப்ரரியிலேயே, பாஸ்வேர்டிலிருந்து சாவி தயாரிக்கும் எஸ்கிரிப்ட் இருக்கிறது. ஒவ்வோர் ஊகத்தையும் அது வேண்டுமென்றே மெதுவாக்கும். பாஸ்வேர்டோடு அதற்குக் கொடுக்கும் சால்ட்டை (தற்செயலாக எடுத்த சில பைட்டுகளை) சேமிக்க மறந்துவிட்டு, செய்தி ஏன் திறக்கவில்லை என்று ஒரு நாள் முழுக்கத் தேடினேன். சால்ட்டும், ஜிசிஎம் கேட்கும் ஒருமுறை எண்ணான நான்ஸும் ரகசியம் அல்ல, பூட்டிய செய்தியின் முன்னாலேயே சேர்த்து வையுங்கள். ஆனால் 12 பைட் நான்ஸ் ஒவ்வொரு செய்திக்கும் புதிதாக இருக்க வேண்டும். ஒரே சாவியோடு அதே நான்ஸ் திரும்ப வந்தால், பூட்டிய இரண்டு செய்திகளையும் எக்ஸ்ஓஆர் செய்தாலே (பிட் பிட்டாக ஒப்பிட்டு, வேறுபட்டால் 1, ஒன்றானால் 0 என்று எழுதினாலே) மூலச் செய்திகளின் எக்ஸ்ஓஆர் கிடைத்துவிடும். சால்ட்டையும் நான்ஸையும் உருவாக்க, பைத்தானின் ‘ரேண்டம்’ வேண்டாம், அதன் எண்களை ஊகிக்க முடியும்; ‘சீக்ரெட்ஸ்’ பயன்படுத்துங்கள்.

வைவா என்ற வாய்மொழித் தேர்வுக்கு ஏஇஎஸ்ஸின் 14 சுற்றுகளையும் மனப்பாடம் செய்து போயிருந்தேன். தேர்வாளர் அதைக் கேட்கவே இல்லை. நிரலை ஓட்டச் சொன்னார். முடிந்ததும் கையை நீட்டி மேல் அம்புக்குறியை அழுத்தினார். நான் கட்டளையோடு சேர்த்துக் கொடுத்திருந்த பாஸ்வேர்டு அப்படியே திரையில் வந்து நின்றது. டெர்மினலின் ஹிஸ்டரி கோப்பில் அது தங்கிவிடுகிறது. பல கணினிகளில், நிரல் ஓடும்போது மற்ற பயனர்களும் அதைப் பார்க்க முடியும். அன்று மாலையே, பாஸ்வேர்டைத் திரையில் காட்டாமல் கேட்டு வாங்கும் கெட்பாஸுக்கு மாற்றினேன். நீங்கள் முதல் நாளே மாற்றிவிடுங்கள்.

அடுத்து, பூட்டிய செய்தியில் ஓர் எழுத்தை மாற்றச் சொன்னார். நிரல் திறக்க மறுத்தது, அதில் எனக்கு நிம்மதி. ஆனால் திரையில் ‘தவறான பாஸ்வேர்டு’ என்று வந்தது. “பாஸ்வேர்டு சரிதானே?” என்றார். சரிதான். பாஸ்வேர்டு தவறா, செய்தி சிதைக்கப்பட்டதா என்று ஜிசிஎம் பிரித்துச் சொல்லாது. இரண்டிலும் சரிபார்ப்பு தோற்கும், அவ்வளவே. இப்போது என் நிரல் ‘பாஸ்வேர்டு தவறு அல்லது செய்தி மாற்றப்பட்டுள்ளது’ என்கிறது.